வயிற்றில் வந்து பேசும் குருதிநோய்

யாழ்ப்பாணத்தில் வயிற்றுநோவுக்கு எப்பொழுதும் ஒரு காரணம் ஆயத்தமாக இருக்கும். முதல்நாள் இரவு குடித்த ஒடியற்கூழிலே உறைப்புக் கூடிவிட்டது என்பார்கள். விரதத்துக்கு வெறுவயிற்றோடு இருந்தமையால் வந்த வாய்வு என்பார்கள். கிணற்றுத் தண்ணீர் சவர்பட்டுவிட்டது என்பார்கள். இவற்றுள் எதுவும் பொருந்தாதபோது 'காஸ்ரிக்' என்ற ஒரே சொல்லில் அவ்வளவையும் அடக்கிவிட்டு, சந்தியிலுள்ள மருந்துக்கடையில் ஒரு காட் குளிசை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். பெரும்பாலோருக்கு அந்தக் குளிசையே போதுமானதாக அமைந்துவிடுவதனால், போதாமற்போன சிலரைப் பற்றி ஊரவர் அதிகம் சிந்திப்பதில்லை. அந்தச் சிலரினும் சிலராய், எண்ணிக்கையில் மிகக் குறைந்தவராய், ஆயினும் காலதாமதத்தினாலே பெரிதும் வருந்துகின்றவராய் உள்ள ஒரு கூட்டத்தாரைப் பற்றியே இங்கே பேச முற்படுகின்றேன்: நோயின் பிறப்பிடம் என்பினுள்ளே மச்சையிலோ கழுத்து, அக்குள், வயிற்றுக்குள் கிடக்கும் நிணநீர்க் கணுக்களிலோ இருக்க, அதன் முதற்குரல் மாத்திரம் வயிற்றிலிருந்து கேட்கப்பெற்றவர்கள்.

குருதிப் புற்றுநோய் என்று பொதுவாகக் கூறப்படுவது பல வியாதிகளைக் கொண்ட ஒரு குடும்பம். மச்சையிலே பிறக்கும் வெண்குழியங்கள் முதிர்ச்சியடையாமலே கட்டுக்கடங்காது பெருகிக் குருதியோடு கலந்து ஓடுவது லியூக்கேமியா. நிணநீர்க் குழியங்கள் கணுக்களிலோ வேறு உறுப்புகளிலோ கட்டியாகத் திரள்வது லிம்போமா. பிறபொருளெதிரிகளை ஆக்கும் ஒருவகைக் குழியம் மச்சைக்குள்ளே மிகுந்து என்பை அரிப்பது மயலோமா. ஏனைய புற்றுநோய்களைப் பற்றிப் பேசும்போது 'பரவிவிட்டது' என்று நாம் சொல்லுகின்ற சொல் இவற்றுக்கு அவ்வளவு செவ்வையாகப் பொருந்துவதில்லை. வாயிலோ மார்பிலோ தோன்றும் புற்று ஓரிடத்தில் வேர்கொண்டு பின்னரே வேறிடம் புறப்படும். குருதியோ பிறந்த நாள்தொட்டு ஊர்சுற்றியாகவே இருப்பது. ஆகையால் அதிலே தோன்றிய கேடு குடலிற் காணப்படும்போது, போகிற வழியில் ஒரு மடத்திலே தங்கிவிட்ட வழிப்போக்கனைப்போல அங்கே தங்கிவிட்டது என்று கொள்வதே பொருத்தமாகும்.

இந்நோய்க்குப் பெயர் வந்தது அவ்வளவு பழைய சங்கதியன்று. 1845ஆம் ஆண்டிலே எடின்பரோவில் ஜோன் ஹியூஸ் பெனற் என்பவரும், பேர்லினில் ருடோல்ப் விர்ச்சோ என்பவரும், இறந்த நோயாளரின் குருதியில் வெண்குழியங்கள் அளவிறந்து கிடக்கக் கண்டு தனித்தனியே எழுதிவைத்தனர். 'வெண்குருதி' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்துப் பெயரிட்டவர் விர்ச்சோ. அவ்விருவரும் எழுதிவைத்ததற்கு இரண்டாண்டுகளின் பின்னர், 1847இல், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். மானிப்பாயிலே வைத்தியசாலை அமைத்து, 1864 முதல் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' முதலிய பெருநூல்களைத் தமிழாக்கி வெளியிட்ட அப்பெரியாரை நினையாமல், யாழ்ப்பாணத்து விஷயமாகத் தமிழில் வைத்தியக் கட்டுரை எழுதப் புகுவது முறையன்று. கணிதத்தையும் தருக்கத்தையும்போல வைத்தியத்தையும் தாய்மொழியிற் படிக்கலாம் என்று அவர் காட்டிச்சென்ற பின்னரும், இன்று ஒரு நோயாளி தன் கையிலுள்ள ரிப்போட்டிலே என்ன எழுதியிருக்கிறது என்று அறிய அயல்வீட்டு ஆங்கிலம் படித்த பிள்ளையைத் தேடி ஓடவேண்டியிருக்கிறது என்பதை இவ்விடத்திலே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிறீன் காலத்திலே இந்நோயின் பெயரை அறிந்தாலும் நோயாளிக்கு விளையக்கூடிய பிரயோஜனம் ஒன்றுமில்லை. நோய் இன்னதென நிர்ணயித்தல் பயனுள்ள காரியமானது, சிகிச்சை என்று ஒன்று தோன்றிய பின்னரேயாம். பொஸ்ரனில் சிட்னி பாபர் என்னும் வைத்தியர் 1948இலே, லியூக்கேமியாவினால் மரணத்தறுவாயில் இருந்த பிள்ளைகள் சிலர் அமினோப்ரறின் என்னும் மருந்தினாற் சில மாதங்களேனும் தேறியெழுந்ததை அறிவித்தார். அந்த மருந்தை ஆக்கிய ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவராயிருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியிலே படித்துச் சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றுதொட்டு மருந்துகள் பல்கின. வகைக்கொரு மருந்து, வகைக்கொரு முறை என்றாயிற்று. இன்று 'குருதிப் புற்று' என்று மட்டும் அறிந்த வைத்தியர் ஒன்றும் அறியாதவருக்குச் சமமானவர். எந்தக் குழியம், எந்தப் பருவத்தில், எந்த இடத்தில் என்பது வரை அவர் அறிந்தாக வேண்டும்.

இனி, எத்தனையோ உறுப்புகள் இருக்கக் குடலை இந்நோய் நாடுவானேன் என்று கேட்கலாம். உணவும் நீரும் கிருமியும் நஞ்சும் அனுதினமும் நுழைகின்ற வாசல் அதுவாகையால், சரீரமானது தன் காவற்படையின் மிகப் பெரும் பகுதியை அங்கேதான் நிறுத்தி வைத்திருக்கிறது. குடற்சுவரின் உட்படலத்துக்குக் கீழே நிணநீர்க் குழியங்கள் கூட்டங்கூட்டமாகக் கிடக்கின்றன. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்திக்கு அருகிலே அவை திட்டுத்திட்டாகத் திரண்டிருப்பதை 1677இலே விபரித்தவர் சுவிற்சர்லாந்து நாட்டுப் பெயர் என்பவர். 'பெயர் திட்டுக்கள்' என்றே அவை இன்றும் வழங்குகின்றன. நெருப்புக்காய்ச்சலிலே குடல் புண்ணாகித் துளைபடுவது இத்திட்டுகளில். குடற்கசம் விரும்பிக் குடிகொள்ளும் இடமும் இதன் அயலே. லிம்போமா கட்டியாக எழும்புவதும், லியூக்கேமியாக் குழியங்கள் வந்து செறிவதும் பலவேளை இவ்விடத்திலேதான். வலப்பக்க அடிவயிற்றில், கையகல இடத்துக்குள்ளே, இத்தனை வழக்காளிகள் ஒரே காணிக்கு உரிமை கொண்டாடுகின்றனர். தீர்ப்புச் சொல்ல வேண்டிய வைத்தியரின் சங்கடத்தை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

நிணநீர்க் கணுக்களுக்குப் புறம்பாக லிம்போமா தோன்றும் உறுப்புகளில் முதலிடம் பெறுவது சமிபாட்டுத் தொகுதியே; அதிலும் இரைப்பையே பெரும்பாலும் முதன்மையானது. லியூக்கேமியாவோ வாய் தொடங்கி மலவாசல் வரை எவ்விடத்திலும் அடையாளம் வைக்கக்கூடியது. அதில் ஒருவகை, முரசைத் தடிக்கச் செய்து பற்களை மூடுமளவுக்கு வீங்கப்பண்ணுவதால், நோயாளி முதலில் பல்வைத்தியரிடம் போய்ச் சேருவதும், பல்வைத்தியர் சமயோசிதமாகக் குருதிப் பரிசோதனை செய்விக்க நோய் வெளிப்படுவதும் வைத்திய உலகிற் பலமுறை நிகழ்ந்தவை. மயலோமா குடலுக்கு வருவது அருமை. வந்தால் பெரும்பாலும் அமிலோயிட் என்னும் மெழுகையொத்த புரதப் படிவாகவே வரும்.

உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரை மனத்திலே கற்பித்துக்கொள்வோம். ஐம்பத்தைந்து வயது, வெங்காயமும் புகையிலையும் பயிரிட்டுப் பழகிய உடல், ஆஸ்பத்திரி வாசலை மிதித்தறியாதவர். மனைவியின் கண்ணீருக்கு இரங்கி ஒருநாள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறார். வைத்தியர் கேட்கிறார்:

"எத்தினை நாளாய் இந்த நோவு?"

"ரெண்டு மூண்டு மாசமிருக்கும் ஐயா. வெறுவயித்தோட இருந்தாலும் நோகுது, சாப்பிட்டாலும் நோகுது."

"வயித்தாலை போறது எப்பிடி?"

"இடைக்கிடை தார் மாதிரிக் கறுப்பாய்ப் போகுது. இரும்புக் குளிசை போடுறன், அதாலையாக்கும் எண்டு இருந்திட்டன்."

"மெலிஞ்சு போனியளோ?"

"மெலிஞ்சுதான் போனன். இரவிலை காய்ச்சல் மாதிரி வந்து, வேர்த்துச் சாரமெல்லாம் நனையுது ஐயா."

நோய்நிதானத்தின் பாதி இந்த மூன்று கேள்விக்குள்ளே அடங்கிவிட்டது என்றால் அது மிகையாகாது. இரும்புச்சத்துக் குளிசை மலத்தைக் கறுப்பாக்குவது உண்மை; மேற்குடலிற் கசியும் குருதியும் அவ்வாறே தார்போலக் கறுப்பாக்கும். சோகைக்காக இரும்பு உண்பவருக்கு, அச்சோகையை உண்டாக்கும் கசிவையே அந்த இரும்பு மறைத்துவிடுகிறது என்பது விதியின் குறும்புகளில் ஒன்று. காரணமில்லாத மெலிவு, இரவு வேர்வை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் ஆகிய மூன்றும் லிம்போமாவின் பழகிய லக்ஷணங்கள். கசத்துக்கும் அவையே லக்ஷணங்கள். ஆகையால் வைத்தியர் மேலும் தேடுகிறார். கண்ணின் கீழிமையை விரித்து வெளிறலைப் பார்க்கிறார். கழுத்திலும் அக்குளிலும் கவட்டிலும் கணுக்களைத் தடவுகிறார். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் இறங்கியிருக்கிறதோ என்று விரல் வைத்து மூச்சை இழுக்கச் சொல்கிறார். முரசையும், தோலிலே குண்டூசிமுனை அளவான செம்புள்ளிகளையும் தேடுகிறார். இவ்வளவுக்கும் மின்சாரமும் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. பத்து நிமிட நேரம் வேண்டும். நூறு நோயாளர் வரிசையில் நிற்கும் காலைவேளையில் அந்தப் பத்து நிமிடந்தான் எல்லாவற்றிலும் அருமையான பொருள்.

அடுத்தது குருதிப் பரிசோதனை. எப்.பி.சி. என்று எல்லாரும் அறிந்த எண்ணிக்கையிலே ஈமோகுளோபின், வெண்குழியம், சிறுதட்டு என்னும் மூன்றையும் நோக்குவர். வெண்குழியம் ஒரு மைக்குரோலீற்றரில் 4,000 முதல் 11,000 வரையும், சிறுதட்டு 150,000 முதல் 450,000 வரையும் இருப்பது வழமை. லியூக்கேமியாவில் வெண்குழியம் இலட்சத்தைத் தாண்டவும் கூடும், வழமையிலும் குறையவும் கூடும். ஆகவே எண்ணை மட்டும் நம்புவது பேதைமை. எண்ணுகிற யந்திரம் குழியத்தின் முகத்தைப் பாராது. முகத்தைப் பார்ப்பது 'பிளட் பிக்சர்' எனப்படும் குருதிப்படம்: ஒரு துளி குருதியைக் கண்ணாடித் துண்டிலே மெல்லியதாகப் பூசிச் சாயமூட்டி, பழகிய கண்ணுடைய ஒருவர் நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து நோக்குவது. முதிராத குழியங்கள் அங்கே கண்ணிற் பட்டால், இடுப்பென்பின் பின்மேட்டிலே மரப்பூட்டி ஊசி செலுத்தி மச்சையை எடுத்துச் சோதிப்பர்; மச்சையிலுள்ள குழியங்களில் நூற்றுக்கு 20 பங்கோ அதற்கு மேலோ அத்தகைய முதிராக் குழியமாயின் தீவிர லியூக்கேமியா என்பது வழக்கமான அளவுகோல். 'முள்ளந்தண்டிலே ஊசி போட்டால் கால் வழங்காது' என்ற பயத்தினால் இந்தச் சோதனையை மறுப்பவர் நம்மிடையே உளர். ஊசி செல்வது இடுப்பென்பில்; முள்ளந்தண்டு நாணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் நமது தோட்டக்காரருக்கு நோய் குடல் லிம்போமாவாயின், குருதிப்படம் ஒன்றும் சொல்லாதிருக்கலாம். சோகை தெரியும், அதுவும் இரும்புச்சத்துக் குறைந்த சாதாரணச் சோகையாகவே தெரியும். பெயரிலே குருதியை வைத்திருக்கும் நோய் குருதியிலே தடயம் விடாதிருப்பதுதான் இதில் மிகவும் ஏமாற்றுகிற பகுதி. சோகைக்கு இரும்பு கொடுத்து, அது தேறாமலோ, தேறித் திரும்பவும் விழுந்தாலோ, 'குருதி எங்கே போகிறது?' என்ற கேள்வியை எழுப்பாத வைத்தியம் பாதி வைத்தியமே.

அக்கேள்விக்கு விடை தேடித்தான் ஊரவர் 'கமரா விடுதல்' என்று சொல்லும் எண்டொஸ்கொபிப் பரிசோதனை. வாய்வழியாகச் செலுத்தும் குழாய் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் காட்டும். மலவாசல் வழியாகச் செலுத்துவது பெருங்குடல் முழுவதையும், கைதேர்ந்தவர் செலுத்தினாற் சிறுகுடலின் கடைசி முழத்தையும் காட்டும். இடையே கிடக்கும் ஏறத்தாழ ஆறு மீற்றர்ச் சிறுகுடல் நெடுங்காலம் எவர் கண்ணுக்கும் எட்டாத கானகமாகவே இருந்தது, சீ.ரீ. ஸ்கானும், விழுங்கத்தக்க குளிசைக் கமராவும், ஜப்பானிய வைத்தியர் யமமோற்றோ 2001இல் அறிமுகப்படுத்திய இரட்டைப் பலூன் குழாயும் வந்த பின்னரே அது வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே நோய் பல வேடத்திலே காட்சி தரும்: தடித்த மடிப்புகள், சிறு முடிச்சுகள், ஆழமான புண், சிலவேளை வெறும் சிவப்பு. ஒன்றையேனும் கண்ட மாத்திரத்தில் 'இது இன்னது' என்று சொல்ல எவராலும் முடியாது. ஆகவே குழாயின் முனையிலுள்ள சிறு இடுக்கியினால் இழையத் துண்டுகள் கிள்ளியெடுக்கப்படுகின்றன. லிம்போமா உட்படலத்துக்குக் கீழே ஒளிந்திருப்பதனால், ஒரு துண்டு போதாது. பல இடத்திலும், கிள்ளிய இடத்திலேயே மறுபடியும் ஆழமாகவும் கிள்ளவேண்டும். முதல் முறை 'வெறும் அழற்சி' என்று விடை வந்தும் நோயாளி தேறவில்லையானால், இரண்டாம் முறை கிள்ளுவதற்கு வைத்தியரும் தயங்கக்கூடாது, நோயாளியும் சலிக்கக்கூடாது.

கிள்ளிய துண்டு கடுகளவுதான். போர்மலினில் ஊறி, மெழுகிலே புதைந்து, மில்லிமீற்றரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு தடிப்புள்ள ஏடாக அரியப்பட்டுச் சாயமேறிய பின்னர், அது நோயியல் நிபுணரின் முன்னே வருகிறது. முற்காலத்திலே தீர்ப்பு அச்சாயத்தோடு முடிந்தது. கோலரும் மில்ஸ்ரைனும் 1975இலே ஒரே குறியை மாத்திரம் பற்றுகின்ற பிறபொருளெதிரிகளை வேண்டிய அளவு ஆக்கும் வழியைக் கண்டனர். 1984இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றனர். அதன் பின்னர், ஒவ்வொரு குழியமும் தன் மேனியிலே அணிந்திருக்கும் குறியைக் கொண்டு அதன் குலத்தை அறிவது சாத்தியமாயிற்று. சீடி-20 என்ற குறி பீ வகை நிணக்குழியத்துக்கு உரியது. சீடி-3 ரீ வகைக்கு உரியது. மயலோபெரொக்சிடேஸ் என்னும் நொதியம் மச்சைவழிக் குழியத்தைக் காட்டிக்கொடுப்பது. அந்த நொதியத்தின் காரணமாகவே மச்சைவழி லியூக்கேமியாக் கட்டிகள் சில வெட்டிய போது பச்சை நிறமாகத் தோன்றின. 1811இலேயே கண்டு எழுதப்பட்ட அக்கட்டிக்கு 1853இலே 'பச்சைக் கட்டி' என்று கிரேக்கத்திற் பெயரும் சூட்டப்பட்டது. இக்கட்டி, மச்சையிலும் குருதியிலும் நோய் தெரிவதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே சிறுகுடலிலே தனியாகத் தோன்றிக் குடலை அடைக்கக்கூடும். சாதாரணச் சாயத்தின் கீழே லிம்போமாவைப்போலவே தோன்றி நிபுணரையும் ஏமாற்றக்கூடும். இரண்டுக்கும் மருந்து வேறு. மயலோபெரொக்சிடேஸ் சாயம் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்ற சந்தேகம் ஒருவர் மனத்தில் உதிக்காவிடில், பிழையான நோய்க்குச் சரியான சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்.

நம் நாட்டு வைத்தியரை மிகவும் அலைக்கழிப்பது கசத்துக்கும் லிம்போமாவுக்கும் இடையிலான வழக்கு. இந்தியாவிற்போல மிகுதியாக இல்லாவிடினும் கசம் இலங்கையை விட்டு நீங்கிவிடவில்லை. அதே இடம், அதே மெலிவு, அதே காய்ச்சல், ஸ்கானிலும் அதே தடிப்பு. இழையத்திலே கசத்துக்குரிய முடிச்சும் நடுவே பாற்கட்டிபோன்ற சிதைவும் காணப்பட்டாலோ, கிருமியே அகப்பட்டாலோ நல்லது; அகப்படாதபோது, 'கசமருந்தைக் கொடுத்துப் பார்ப்போம்' என்று தொடங்குவதும் உண்டு. தொடங்குவது குற்றமன்று. சில வாரங்களிலே குணம் காணாதபோதும் ஆறு மாதமும் அதையே தொடர்வதுதான் குற்றம்.

இதனினும் பெரியதோர் ஆபத்து உண்டு. பிரெட்னிசொலோன் முதலிய ஸ்ரீரொயிட் மருந்துகள் லிம்போமாக் குழியங்களைச் சில நாட்களிலே கரைத்துவிட வல்லவை. இழையம் எடுக்கமுன்னர் அவற்றை உண்டவருக்கு நோவு தணியும், பசி எடுக்கும், வீடு முழுவதும் சந்தோஷப்படும். பின்னர் கிள்ளிய துண்டிலோ தடயம் எதுவும் இராது. நோய் மாறியதன்று, சாட்சி கலைக்கப்பட்டதே. வைத்தியர் எழுதிக் கொடுக்காத வெள்ளைக் குளிசைகளையும், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத தூள்களையும் இந்தக் காலத்திலே வாங்கி உண்ணவேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்ளுகிறேன். இது பரியாரிமாரைப் பழிப்பதற்காகச் சொன்னதன்று. தலைமுறை தலைமுறையாகக் கைநாடி பிடித்து வைத்தியம் செய்த பரியாரிமார் பலர், தமக்கு அடங்காத நோயைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கும் பெருந்தன்மை உடையவர்களாகவே இருந்தனர்.

ஏற்கனவே லியூக்கேமியா என்று அறியப்பட்டு மருந்தேற்றிக்கொண்டிருப்பவருக்கு வயிறு நொந்தால், கதை வேறாகிறது. நோயே குடலுக்கு வந்திருக்கலாம். வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து குடலின் அசைவை அடக்கியிருக்கலாம். ஸ்ரீரொயிட் இரைப்பையைப் புண்ணாக்கியிருக்கலாம். எதிர்ப்புச்சக்தி குன்றிய வேளை பார்த்துக் கிருமி குடிபுகுந்திருக்கலாம். எல்லாவற்றிலும் கொடியது, வெண்குழியம் அடிமட்டத்துக்கு வீழ்ந்திருக்கும் நாட்களிலே பெருங்குடலின் தொடக்கப்பகுதி வீங்கி அழுகத் தொடங்கும் நிலை. வலப்பக்க அடிவயிற்று நோவும் காய்ச்சலுமாக வரும் அதனைக் குடல்வால் அழற்சி என்று மயங்குவதும் எளிது. அந்நேரத்தில் குழாய் விட்டுப் பார்ப்பது துளைவிழச் செய்யும் அபாயமுடையதாகையால், சீ.ரீ. ஸ்கானிலே குடற்சுவரின் தடிப்பைக் கண்டு நிர்ணயிப்பர். சிறுதட்டு 50,000க்குக் கீழே உள்ளவருக்கு இழையம் கிள்ளுவதற்கும் பொதுவாக முன்னதாகச் சிறுதட்டு ஏற்றவேண்டியிருக்கும். மருந்தேற்றிய காலத்திலே காய்ச்சல் 100.4 பாகை பரனைட்டை எட்டினால், இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். 'விடியட்டும், பனடோல் போட்டுப் பார்ப்போம்' என்ற பொறுமை இங்கே செல்லாது.

இத்தனை இருளுக்கும் நடுவே ஒரு வெளிச்சமான அத்தியாயமும் உண்டு. அவுஸ்திரேலியாவிலே வொறனும் மார்ஷலும் என்ற இருவர், இரைப்பைப் புண்ணுக்கு உறைப்பும் கவலையும் காரணமல்ல, ஒரு பற்றீரியாவே காரணம் என்றனர். உலகம் நகைத்தபோது, மார்ஷல் 1984இலே அக்கிருமியைக் கரைத்துத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இலே நோபல் பரிசு இருவரையும் வந்தடைந்தது. அதே கிருமியின் நெடுங்காலத் தொல்லையினால் இரைப்பையிலே மந்தமான ஒருவகை லிம்போமா தோன்றும் என்பதும், கிருமியைக் கொல்லும் நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளாலேயே அந்தப் புற்று பலரில் மறைந்துவிடும் என்பதும் 1993இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிமூலம் தெரியவந்தன. ஒரு கிழமை, இரண்டு கிழமைக் குளிசையினால் ஒரு புற்றுநோய் பின்வாங்குவது வைத்திய சரித்திரத்தில் அபூர்வமான காட்சி. ஆயினும் அந்தப் பாக்கியம் இன்ன வகை என்று இழையத்திலே நிச்சயிக்கப்பட்டவருக்கே உரியது.

நமது கிணறுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தடிநீரிலே, தோட்டங்களுக்கு இடும் பசளையின் பயனாக, நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் விதித்த 50 மில்லிகிராம் எல்லையைப் பல கிணறுகளில் மிஞ்சியிருப்பது பலமுறை அளந்தறியப்பட்ட உண்மை. அது கைக்குழந்தைகளுக்குக் கேடு என்பது தெளிவு. அதனையே காரணமாக்கி ஊரிலுள்ள எல்லாப் புற்றுநோய்க்கும், குருதிப் புற்றுக்கும், கிணற்றைக் கைகாட்டுவது மாத்திரம் நியாயமாகாது. அந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை. கிணற்றைச் சோதிக்கவேண்டியது கிணற்றுக்காக. வயிற்றைச் சோதிக்கவேண்டியது வயிற்றுக்காக.

நோயாளி எங்கே போவது? 1850இலே அரசாங்க அதிபர் டைக் காலத்தில் தொடங்கிய தருமாஸ்பத்திரியே இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கிறது. 1978இல் தோன்றிய மருத்துவ பீடத்தின் மாணவர் பயில்வதும் அங்கேதான். தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை ஒன்று எழுந்த வரலாறு சொல்லத்தக்கது. 2011 ஜூலையிலே, நாட்டின் தென்முனையாகிய தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாட்களிற் கால்நடையாகக் கடந்து, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வழிநெடுகச் சேர்த்த பணம் அதற்கு அடிக்கல்லாயிற்று. யுத்த காலத்திலே 1990இல் நின்ற புகையிரதம் 2014 ஒக்ரோபரிலேதான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அந்த இடைக்காலத்திலே, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒரு நோயாளியைக் கொண்டுசெல்வது எத்தகைய பிரயாணமாயிருந்தது என்பதை அனுபவித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். இன்றும் சில விசேஷப் பரிசோதனைகளுக்கும் மச்சை மாற்றுச் சிகிச்சைக்கும் தெற்கே போகவேண்டியிருக்கிறது. வசதியுள்ளோர் சிலர் 1954இலே முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையத்தையும், 1986 முதல் மச்சை மாற்றிவரும் வேலூரையும் நாடுகின்றனர்.

அவ்வாறு போகிறவர்கள் மறந்துவிடும் பொருள் ஒன்று உண்டு. ரிப்போட்டைப் படம்பிடித்து வாட்சப்பிலே ரொறன்ரோவிலுள்ள மருமகனுக்கும் இலண்டனிலுள்ள தங்கைக்கும் அனுப்புகிறோம். ரிப்போட்டு ஒருவரின் அபிப்பிராயம் மட்டுமே. அந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமான இழையம், முன்சொன்ன மெழுகுக் கட்டியிலே ஆய்வுகூடத்தின் அலுமாரியில் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுவோர் அந்த மெழுகுக் கட்டியையும் சாயமேற்றிய கண்ணாடித் துண்டுகளையும் எழுத்துமூலம் கேட்டுப் பெற்றுக் கொண்டுபோகலாம். புதிதாகக் குடலைக் கிள்ளாமலே, புதிய சாயங்களை ஏற்றிப் பார்க்க அதுவே போதுமாகும்.

காஸ்ரிக் குளிசைக்கு அடங்காத நோவோ, இரும்புக் குளிசைக்குத் தேறாத சோகையோ, காரணம் தெரியாத மெலிவோ உங்கள் வீட்டிலே எவருக்கேனும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் அவரை அழைத்துச் செல்லுங்கள். போகும்போது பழைய கிளினிக் கொப்பியையும், இதுவரை உண்ட குளிசைகளின் வெற்று மட்டைகளையும் ஒரு பையிலே போட்டு எடுத்துச் செல்லுங்கள்.